தூய அரபுக் குதிரை இனப்பெருக்கம்: அழகையும் சவாரித் திறனையும் ஒருங்கே காக்கும் வழிமுறை

அரபுக் குதிரை வளர்க்கத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் முதலில் தேடுவது பொலிகுதிரையைத்தான். படத்தில் பெரிய கண்ணையும் குழிந்த முகத்தையும் உயர்ந்து நிற்கும் வாலையும் பார்த்துவிட்டு, தங்கள் பெண்குதிரையின் முதுகில் எவரும் ஏறியே பாராத நிலையில் இணைசேர்க்க முடிவு செய்துவிடுகிறார்கள். பிறக்கும் குட்டி மூன்று வயது வரை எல்லோருடைய பாராட்டையும் பெறுகிறது. சேணம் பழக்கத் தொடங்கிய பிறகே, கழுத்தும் முதுகும் சேருமிடத்தில் முன்முதுகு மேடு இல்லாததால் சேணம் முன்னோக்கி நழுவுவதும், பின்னங்கால்கள் உடலுக்கு அடியில் வராததும், சிறு சத்தத்துக்கும் குதிரை தறிகெட்டு ஓடுவதும் தெரியவருகின்றன.

இந்தத் தவறு பெரும்பாலும் படிகளின் வரிசையில்தான் இருக்கிறது. உடல்நலச் சோதனை முதலிலும், சவாரிச் சோதனை அடுத்தும், அழகு கடைசியிலும் வர வேண்டும். முதல் இரண்டு சல்லடைகளிலும் தேறிய குதிரைகளுக்குள் மிக அழகானதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் கிடைக்கும். அழகை முதல் சல்லடையாக வைத்தால் சவாரித் திறன் தற்செயலாக மட்டுமே கிடைக்கும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பெண்குதிரையின் பதிவுச் சான்றும் குறைந்தது ஐந்து தலைமுறை வம்சாவளியும், மரபணு நோய்ச் சோதனை முடிவுகள், துணி அளவுநாடா ஒன்று, சமதளமான கடினத் தரை, குதிரைகளைப் பரிசோதித்துப் பழகிய கால்நடை மருத்துவர், உங்கள் மனம் நோகுமென்று தயங்காமல் குறை சொல்லக்கூடிய ஒரு சவாரியாளர். கடைசியாகச் சொன்னவர் கிடைப்பதுதான் கடினம். கிடைக்கும்வரை காத்திருப்பதே நல்லது.

1. எந்த வேலைக்கான குதிரை என்பதை எழுதி வையுங்கள்

“நல்ல சவாரிக் குதிரை” என்பது இலக்கு ஆகாது. நூறு மைல் தூர ஓட்டத்துக்கு வேண்டிய உடலும், சவாரியாளரின் நுட்பமான சைகைகளுக்கு இணங்கி நடை பழகிக் காட்டும் டிரெஸ்ஸாஜ் மைதானத்துக்கு வேண்டிய உடலும், குடும்பத்தினர் மாலையில் ஏறிச் செல்ல வேண்டிய குதிரையின் மனமும் வேறு வேறு. தூர ஓட்டத்துக்கு மெலிந்த தசையும் சிக்கனமான நடையும் விரைவில் தணியும் இதயத் துடிப்பும் வேண்டும். டிரெஸ்ஸாஜுக்குப் பின்னங்கால் மடங்கி எடை தாங்கும் வலிமையும் மேல்நோக்கிய கழுத்துப் பொருத்தமும் வேண்டும்.

ஒரே ஒரு வேலையை எழுதுங்கள். அதன் கீழ், அந்த வேலைக்கு விட்டுக்கொடுக்க முடியாத மூன்று பண்புகளையும், விட்டுக்கொடுக்கக்கூடிய மூன்று பண்புகளையும் குறியுங்கள். பின்னர் ஓர் அழகான பொலிகுதிரையின் முன்னால் நிற்கும்போது மனம் தானாகவே அளவுகோலை மாற்றிக்கொள்ளும் என்பதால், அந்தத் தாள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

2. பதிவையும் மரபணு நோய்களையும் முதலில் முடியுங்கள்

தூய அரபுக் குதிரை என்ற தகுதி தோற்றத்தால் வருவதில்லை. உலக அரபுக் குதிரை அமைப்பான வாஹோ ஏற்றுக்கொண்ட பதிவேட்டில் அந்தக் குதிரை இடம்பெற்றிருப்பதால் வருகிறது. தாய் தந்தையை டிஎன்ஏ வழியாக உறுதிசெய்யாமல் குட்டியைப் பதிய முடியாமல் போகலாம். செயற்கைக் கருவூட்டல், கருமாற்றம் (கருவை எடுத்து வேறொரு பெண்குதிரையின் கருப்பையில் வைப்பது) ஆகியவற்றுக்கு உங்கள் நாட்டுப் பதிவேடு என்ன விதிக்கிறது என்பதையும் இணைசேர்க்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து நோய்ச் சோதனை. பிடரியிலிருந்து வேரோடு பிடுங்கிய இருபது, முப்பது மயிர்களே இதற்குப் போதும். நான்கு நோய்களைப் பார்க்க வேண்டும். சிட் எனப்படும் கடும் நோயெதிர்ப்புக் குறைபாட்டுடன் பிறக்கும் குட்டி முதலில் நலமாகவே தோன்றும். சீம்பாலில் கிடைத்த பாதுகாப்பு தீர்ந்ததும் தொற்றுகள் சூழ, ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்குள் இறந்துவிடும். சிஏ என்னும் சிறுமூளைச் சிதைவில் தலை நடுங்கும், கால்களை அகல வைத்து நிற்கும், தூரத்தைக் கணிக்க முடியாது. பிழைத்தாலும் அதன்மீது ஏறுவது ஆபத்து. லாவெண்டர் குட்டி நோயில் வெளிறிய நிறத்துடன் பிறக்கும் குட்டியால் எழுந்து நிற்கவே முடியாது. நான்காவது, மண்டையோடும் கழுத்தின் முதல் எலும்புகளும் சேருமிடத்தில் ஏற்படும் அமைப்புக் கோளாறு. இதன் ஒரு வகைக்கு மட்டுமே இப்போது வழக்கமான சோதனை உண்டு.

சோதனை உள்ள இந்த நான்கும் ஒடுங்கு பண்புகள், அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் நோய் மரபணு வந்தால் மட்டுமே குட்டிக்கு நோய் வரும். ஒரே ஒரு நோய் மரபணுவைச் சுமக்கும் நலமான குதிரையே கடத்தி. கடத்திகள் இரண்டை இணைத்தால் ஒவ்வொரு குட்டியும் நோயுடன் பிறக்க 25% வாய்ப்பு உண்டு. கடத்தியையும் நோய் மரபணு இல்லாத குதிரையையும் இணைத்தால் நோயுற்ற குட்டி பிறக்காது. கடத்தியாகப் பிறக்க மட்டும் 50% வாய்ப்பு உண்டு.

இங்கே புதியவர்கள் இரண்டு எதிரெதிர்த் தவறுகளைச் செய்கிறார்கள். சிலர் “எங்கள் வம்சத்தில் அது இல்லை” என்று சோதனையையே தவிர்க்கிறார்கள். கடத்தி வெளித்தோற்றத்தில் முழு நலத்துடன் இருக்கும் என்பதால் அந்த உறுதிக்கு மதிப்பில்லை. வேறு சிலர் கடத்தி என்று தெரிந்ததும் சவாரியில் சிறந்த பெண்குதிரையையே ஒதுக்கிவிடுகிறார்கள். நோய் மரபணு இல்லாத பொலிகுதிரையுடன் இணைத்து, குட்டிகளைச் சோதித்து, நோய் மரபணு வராததைத் தக்கவைத்துக்கொண்டால், ஒரே தலைமுறையில் நல்ல தாயின் பண்புகள் அந்தக் குறையின்றித் தொடரும்.

3. அழகுக் கூறுகளை மூன்று பிரிவாகப் பிரியுங்கள்

அழகும் பயனும் எப்போதும் முரண்படுபவை என்று எண்ணுவது தவறு. இனத் தோற்றம் என்று நாம் சொல்பவற்றுள் சில சவாரிக்கு நேரடியாக உதவுகின்றன, சில உதவுவதும் இல்லை கெடுப்பதும் இல்லை, சில அளவு மீறினால் கெடுக்கின்றன. இந்தப் பிரிவினையைச் செய்யாதவர்கள் எல்லா அழகையும் ஒரே எடையில் வாங்கிக்கொள்கிறார்கள்.

உதவும் கூறுகள்: அகன்று விரியும் மூக்குத் துவாரம், இரண்டு தாடை எலும்புகளுக்கும் நடுவே ஒரு கைமுட்டி நுழையும் இடைவெளி, மித்பா என்று அரபு வளர்ப்பாளர்கள் சொல்லும், தலை கழுத்தோடு சேருமிடத்தின் நீண்ட, மெலிந்த வளைவு. தொண்டைப் பகுதி தடித்த குதிரை கடிவாளத்துக்கு இணங்கித் தலையைத் தாழ்த்தும்போது மூச்சுக்குழல் நெருக்கப்படும். மெலிந்த மித்பா உள்ள குதிரைக்கு அந்தத் தொல்லை குறைவு. சாய்ந்த தோள், ஆழமான மார்பு, குட்டையான வலிய இடுப்பு ஆகியவையும் இந்தப் பிரிவைச் சேர்ந்தவையே.

நடுநிலைக் கூறுகள்: நிறம், நெற்றி வெள்ளை, காதின் வடிவம், பிடரியின் நீளம். இவற்றுக்காக வேறு எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. நிறத்தில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: பிறந்த நிறம் மாறி வெண்மையாகும் குதிரைகளுக்கு முதுமையில் தோலில் கரும்புற்றுக் கட்டிகள் தோன்றுவது மிகவும் பரவலானது. வால் அடியிலோ வாயோரத்திலோ கட்டி வளர்ந்தால், வாலடியில் மாட்டும் பின்வாரும் கடிவாளமும் அதில் உரசும்.

அளவு மீறினால் கெடுப்பவற்றுள் முதலாவது முகக்குழிவு. குதிரையால் வாயால் மூச்சு விட முடியாது. ஓடும்போது தேவைப்படும் காற்று முழுவதும் மூக்கு வழியாகவே செல்ல வேண்டும். கண்ணுக்குக் கீழ் மெல்ல வளையும் முகம் இனத்துக்கு உரியது. ஆனால் மூக்கெலும்பு உடைந்ததைப் போலக் குழிந்து, முகமே குட்டையாகிவிட்ட குதிரையில் காற்று செல்லும் வழியும், மேல்தாடைப் பற்களின் வேர்களுக்கான இடமும் சுருங்கும் அபாயம் உண்டு. அத்தகைய முகத்தை இருபுறமும் கொண்ட இணையை அமைக்காதீர்கள். வாய்ப்பிருந்தால், அந்தக் குதிரையைச் சில நிமிடங்கள் கேன்டர் என்னும் மிதமான பாய்ச்சலில் ஓட்டச் சொல்லி, அருகில் நின்று மூச்சொலியைக் கேளுங்கள். அமைதியாக நிற்கும் குதிரையிடம் இது தெரியாது.

இரண்டாவது, தட்டையான பிட்டம். வால் உயர்ந்து நிற்பதற்கும் பிட்டம் கிடைமட்டமாக இருப்பதற்கும் தொடர்பிருப்பதால், இரண்டையும் சேர்த்தே தேர்வு செய்கிறார்கள். மேலே தெரியும் கோடு மட்டும் போதாது. இடுப்பெலும்பின் முன்முனையையும் பிட்டத்தின் பின்முனையையும் கையால் தொட்டுக் கண்டறிந்து, அவ்விரண்டுக்கும் இடையே கற்பனைக் கோடு போட்டுப் பாருங்கள். மேற்கோடு தட்டையாக இருந்தும் இந்த உட்கோடு நீண்டு, மிதமாகச் சரிந்திருந்தால் குதிரை பின்னங்கால்களை அடியில் கொண்டுவரும். உட்கோடும் தட்டையாகவும் குட்டையாகவும் இருந்தால் வால் எவ்வளவு உயர்ந்தாலும் உந்துவிசை வராது.

மூன்றாவது, கழுத்து. நீளமே அழகு என்று எடுத்துக்கொண்டால், முன்முதுகுக்கு முன்னால் பள்ளமும் அடிப்புறத்தில் தடித்த தசையும் கொண்ட கழுத்தையும் ஏற்க நேரிடும். அத்தகைய குதிரை தலையைத் தூக்கி முதுகைத் தாழ்த்தி ஓடும். சவாரியாளர் முதுகில் அமர்ந்திருக்கும் நேரம் முழுவதும் இருவருக்கும் வலி.

4. பெண்குதிரையை அளந்து எழுதுங்கள்

கண்ணால் பார்ப்பது போதாது, ஏனெனில் தினமும் பார்க்கும் குதிரையின் குறைகள் கண்ணுக்குப் பழகிவிடும். போலந்து வளர்ப்புக் குறிப்புகளில் ஒவ்வொரு குதிரையின் பெயருக்கும் கீழே மூன்று எண்கள் இருக்கும்: முன்முதுகு உயரம், மார்புச் சுற்றளவு, முன்னங்காலின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் சுற்றளவு. 150–178–18.5 என்று எழுதியிருந்தால் குதிரையின் உடற்கட்டு உடனே மனக்கண்ணில் வந்துவிடும். நீங்களும் சென்டிமீட்டரில் இதே மூன்றையும் எழுதுங்கள். எடை தாங்கும் கால் எவ்வளவு திடமானது என்பதை மூன்றாவது எண் சொல்வதால், பொலிகுதிரைகளை ஒப்பிடும்போது அதுவே மிகவும் பயன்படும்.

பிறகு கால்கள். குதிரையைச் சமதரையில் இயல்பாக நிற்கவிட்டு, முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் பாருங்கள். முழங்கால் பின்னோக்கி வளைந்திருப்பது, முழங்காலுக்கு நேர் கீழாக எலும்பு பொருந்தாமல் வெளிப்பக்கம் விலகியிருப்பது, பின்னங்கால் மூட்டு கிட்டத்தட்ட நேராக இருப்பது, குளம்புக்கு மேலுள்ள கணு நீண்டு தாழ்ந்திருப்பது ஆகிய நான்கும் வேலையில் முதலில் நொண்ட வைப்பவை. லேசாக உள்நோக்கித் திரும்பிய பின்னங்கால் மூட்டுகள் இந்த இனத்தில் அடிக்கடி காணப்படுபவை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே கைமுட்டியை நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் முன்னங்கால் தாராளமாக முன்னே வராது. சேணத்தை வாரில்லாமல் முதுகில் வைத்து, குதிரையைப் பத்து அடி நடக்கவிடுங்கள். வட்டமான வயிறும் தட்டையான முன்முதுகும் கொண்ட குதிரையில் அந்தச் சில அடிகளுக்குள்ளேயே சேணம் கழுத்தை நோக்கி ஊர்ந்துவிடும். இதைச் சேணம் தைப்பவரின் குறை என்று சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உடலமைப்பின் குறை, குட்டிக்கும் போகும்.

இந்தப் படியில் எழுதும் குறைகள் மூன்றுக்கு மேல் போனால், அல்லது அவற்றுள் ஒன்று முன்னங்கால் அமைப்பில் கடுமையானதாக இருந்தால், அந்தப் பெண்குதிரையை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தாமல் சவாரிக்கு மட்டும் வைத்துக்கொள்வதே சரி. நல்ல பொலிகுதிரை திருத்திவிடும் என்ற நம்பிக்கை இந்தத் துறையில் வீணாக்கிய பணத்துக்குக் கணக்கில்லை.

5. பெண்குதிரையைச் சேணத்தில் சோதியுங்கள்

குட்டியின் மரபில் சரிபாதி தாயிடமிருந்து வருகிறது. அதோடு முதல் ஐந்தாறு மாதங்கள் குட்டி தாயின் நடத்தையைப் பார்த்தே உலகைக் கற்கிறது. மனிதரைக் கண்டு விலகும் தாயின் குட்டியும் விலகும். ஆகவே, ஏறிப் பாராத பெண்குதிரையை இணைசேர்ப்பது பாதித் தகவலை வேண்டுமென்றே விட்டுவிடுவதற்குச் சமம்.

போட்டிப் பரிசு வேண்டியதில்லை. ஒரு பருவம் முழுவதும் ஒழுங்காக வேலை செய்யவிட்டு, வாரம் ஒருமுறை சில குறிப்புகள் எழுதினால் போதும்: ஒரே தூரத்தை ஓடிய பின் இதயத் துடிப்பு எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது, மறுநாள் கால்களில் வீக்கமோ சூடோ உண்டா, முதுகை அழுத்தினால் சுளிக்கிறதா, தனியே லாயத்தை விட்டு வெளியே வர மறுக்கிறதா. சர்வதேசத் தூர ஓட்டப் போட்டிகளின் மருத்துவச் சோதனையில் நிமிடத்துக்கு 64 துடிப்பு என்பதே வழக்கமான வரம்பு. அந்த எண்ணை உங்கள் பயிற்சியிலும் குறியாக வைத்துக்கொள்ளலாம்.

மனநிலையைச் சோதிக்கும்போது, குதிரை மிரள்கிறதா என்பதைவிட மிரண்ட பின் எவ்வளவு விரைவில் தணிகிறது என்பதைப் பாருங்கள். அரபுக் குதிரை கூர்மையானது. காற்றில் பறக்கும் துணியைக் கண்டு துள்ளுவது குறையல்ல. துள்ளிய பின் ஒரு காதைச் சவாரியாளர் பக்கம் திருப்பி, பெருமூச்சு விட்டு, அதே துணியை முகர்ந்து பார்க்கப் போகும் குதிரையே வேண்டும். கால்மணி நேரம் கழித்தும் கண்வெள்ளை தெரிய, உடல் விறைக்க நிற்பதைத் துடிப்பான குதிரை என்று புகழாதீர்கள்.

6. பொலிகுதிரையை மேடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

தோற்றப் போட்டியில் குதிரையைக் காட்டும் முறையே சில குறைகளை மறைக்கும். கழுத்தை முன்னே நீட்டி, பின்னங்கால்களைப் பின்னே தள்ளி நிறுத்தினால் முதுகின் நீளமும் பிட்டத்தின் சரிவும் பின்னங்கால் கோணமும் தெரியாது. முகத்து மயிரை மழித்துக் கண்ணைச் சுற்றி எண்ணெய் பூசினால் சாதாரண முகமும் செதுக்கியதாகத் தோன்றும். எனவே, போட்டி இல்லாத நாளில் லாயத்துக்குச் செல்லுங்கள். எண்ணெய் இல்லாத முகத்தையும், தொய்வான கயிற்றில் கடினத் தரையில் நேராக நடந்து வருவதையும், பின்னாலிருந்து அது போவதையும் பாருங்கள். குளம்பு விழும் ஓசை சீராக நான்கு அடியாகக் கேட்கிறதா என்று கண்ணை மூடிக் கேளுங்கள்.

மதிப்பெண் தாள் கிடைத்தால் மொத்தத்தைப் பார்க்க வேண்டாம். ஐரோப்பிய முறையில் இனத் தோற்றம், தலையும் கழுத்தும், உடலும் மேற்கோடும், கால்கள், நடை என்று ஐந்து பிரிவுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 20 வரை மதிப்பெண் தருவார்கள். 20, 20, 19.5, 15, 18 என்று வாங்கிய குதிரைக்கு மொத்தம் 92.5, கேட்பதற்கு மிக உயர்ந்த எண். ஆனால் கால்களுக்கு வந்த 15-ஐத்தான் நீங்கள் உங்கள் லாயத்துக்குக் கொண்டுவரப் போகிறீர்கள். கால்களும் நடையும் உள்ள இரண்டு கட்டங்களையும், வெவ்வேறு நடுவர்கள் வெவ்வேறு ஆண்டுகளில் கொடுத்ததை அடுக்கி வைத்துப் பாருங்கள்.

உரிமையாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள். இந்தக் குதிரையின் மீது யார், எத்தனை காலம் சவாரி செய்தார்கள்? இதன் குட்டிகளில் எத்தனை சேணத்தில் வேலை செய்கின்றன, அவற்றைப் பார்க்க முடியுமா? குட்டிப் பருவத்தில் கால் நேராக்கும் அறுவைச் சிகிச்சை நடந்ததா? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. எலும்பு முனையில் வளர்ச்சி நடக்கும் இடமான வளர்ச்சித் தகட்டில் சிகிச்சை செய்து நேராக்கிய கால் பார்வைக்குக் குறையற்றதாக இருக்கும். மரபு மாறாததால் குட்டிக்குப் பழைய கோணலே போகும்.

குதிரையைவிட அதன் குட்டிகளே நல்ல சான்று. மூன்று வயதுக்கு மேற்பட்ட, வெவ்வேறு தாய்களுக்குப் பிறந்த பல குட்டிகளைப் பாருங்கள். அழகான குட்டி ஒன்றை மட்டும் காட்டினால், மற்றவை எங்கே என்று கேளுங்கள். உறைவிந்தாக வெளிநாட்டிலிருந்து வாங்கும்போதுகூட இந்தப் படியைத் தாண்டக் கூடாது. காயடித்து விற்கப்பட்ட ஆண்குட்டிகள் இன்று எந்த வேலையில் இருக்கின்றன என்பது விளம்பரப் படத்தைவிட அதிகம் சொல்லும்.

அழகும் வேலையும் ஒரே குதிரையில் இருக்கவே முடியாது என்று சொல்வோருக்குப் பாஸ்க் என்னும் அரபுப் பொலிகுதிரை போதுமான பதில். போலந்தில் 1956-இல் பிறந்து, அங்கே பந்தயத்தில் ஓடி, பின் அமெரிக்கா சென்று, 1964-இல் தோற்றப் போட்டியிலும் அடுத்த ஆண்டே சேணப் போட்டியிலும் தேசிய வாகையர் ஆனது. போலந்திலும் ரஷ்யாவின் தெர்ஸ்க் பண்ணையிலும் இளங்குதிரைகளைப் பந்தயத் தடத்தில் ஓட்டிச் சோதித்த பிறகே இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருந்தது. பந்தயம் வேகத்துக்காக மட்டும் அன்று. கால், நுரையீரல், மனம் மூன்றும் பயிற்சியைத் தாங்குகின்றனவா என்பதைக் காட்டுவதற்காகவும்தான்.

7. உறவு நெருக்கத்தைக் கணக்கிடுங்கள்

புகழ்பெற்ற ஒரு சில பொலிகுதிரைகளின் பெயர்கள் உலகெங்கும் உள்ள வம்சாவளிகளில் திரும்பத் திரும்ப வருவதால், தொலைதூரத்துக் குதிரை என்பதாலேயே உறவில்லாதது என்று கருத முடியாது. தாய், தந்தை இருவருக்கும் ஒரே குதிரை தந்தையாக இருந்தால் குட்டியின் உள்ளினக் கெழு (பெற்றோரின் உறவு நெருக்கத்தைக் காட்டும் அளவு) 12.5%, தாயும் தந்தையும் முழு ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளாக இருந்தால் 6.25%. நான் 6.25%-ஐத் தாண்டுவதில்லை. தாண்டியே ஆக வேண்டுமென்றால், இருமுறை வரும் அந்த மூதாதை சேணத்தில் தன்னை நிரூபித்ததாக இருக்க வேண்டும். முகத்துக்காக மட்டும் இரட்டிப்பாக்கினால் அதன் கால்களும் சேர்ந்தே இரட்டிப்பாகும். மூன்று தலைமுறையோடு கணக்கை நிறுத்திவிடாமல் ஐந்து, ஆறு தலைமுறை வரை போங்கள்.

8. இணையை முடிவு செய்யுங்கள்

நான்காம் படியில் எழுதிய பெண்குதிரையின் குறைகளை இடப்பக்கத்திலும், அவ்விடங்களில் பொலிகுதிரையின் நிலையை வலப்பக்கத்திலும் எழுதுங்கள். ஒரே குறை இரு பக்கமும் இருந்தால், வேறு எவ்வளவு சிறப்பு இருந்தாலும் அந்த இணை கூடாது.

மிகப் பரவலான பிழை, குறையை எதிர்க்குறையால் சமன்செய்ய முயல்வது. முதுகு நீண்ட பெண்குதிரைக்கு அளவுக்கு மீறிக் குட்டையான முதுகு கொண்ட பொலிகுதிரையைத் தேடுகிறார்கள். இரண்டு கோணல்கள் கூடி நேராவதில்லை. குட்டி ஒன்று இப்படியோ ஒன்று அப்படியோ, அல்லது நீண்ட முதுகும் வலுவற்ற இடுப்புமாகவோ வரலாம். குறையுள்ள இடத்துக்குச் சரியான அமைப்பைத்தான் இணைக்க வேண்டும்.

ஒரே இணையில் ஒன்றிரண்டு குறைகளுக்கு மேல் திருத்த முயலாதீர்கள். உயரம், எலும்பு அளவு, முக வடிவம் போன்ற உடலமைப்புப் பண்புகள் ஓரளவு எளிதில் மரபாகச் செல்கின்றன. வேலையில் காட்டும் திறனும் மனநிலையும் பயிற்சி, வளர்ப்பு, தீவனம் ஆகியவற்றையும் சார்ந்திருப்பதால் மெதுவாகவே முன்னேறுகின்றன. அழகு ஒரு தலைமுறையிலேயே திரும்பக் கிடைக்கலாம், இழந்த சவாரித் திறன் அப்படித் திரும்பாது. இரண்டு பொலிகுதிரைகளுக்கு இடையே தயக்கம் வந்தால், சேணத்தில் சிறந்ததன் பக்கம் நான் சாய்வது இதனால்தான்.

9. குட்டியை அவசரப்படாமல் மதிப்பிடுங்கள்

சினைக்காலம் ஏறத்தாழ பதினொரு மாதம். குட்டி பிறந்த சில நாட்களுக்குள் ஒருமுறை, மூன்று மாதத்தில் ஒருமுறை, பின் மூன்று வயதில் ஒருமுறை நிறுத்திப் படமெடுத்து, அதே மூன்று அளவுகளையும் எழுதுங்கள். இடையில் ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை உடலின் முன்பாதியும் பின்பாதியும் மாறி மாறி வளர்வதால், அப்போது எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் தவறும்.

கால் கோணல் மட்டும் காத்திருக்காது. குளம்புக்கு மேலுள்ள கணுவின் வளர்ச்சித் தகடு முதல் சில மாதங்களிலேயே தன் பெரும்பகுதி வளர்ச்சியை முடித்துவிடும். முழங்காலுக்குச் சற்றுக் கூடுதல் காலம் உண்டு. ஆகவே முதல் மாதத்திலிருந்தே லாடம் கட்டுபவரும் மருத்துவரும் பார்க்க வேண்டும். சிகிச்சை செய்தால் அதைக் குட்டியின் பதிவில் எழுதி வையுங்கள், விற்கும்போது வாங்குபவருக்கும் சொல்லுங்கள்.

குட்டி அழகாக இருந்தால் ஓராண்டிலேயே தோற்றப் போட்டிக்கு அழைப்பு வரும். அதற்காகக் கொழுக்க வைப்பதும், கழுத்தை நீட்டி நிற்கப் பழக்குவதும், சாட்டையைக் கண்டு விறைத்து நிற்கச் செய்வதும் பின்னாளில் சேணம் பழக்குபவருக்கு விட்டுச்செல்லும் கடன். வளரும் எலும்புக்கு அதிகத் தானியத்தைவிட விரிந்த மேய்ச்சலும் சம வயதுக் குட்டிகளின் கூட்டமும் நல்லது. இளங்குதிரையின் முதுகெலும்பில் வளர்ச்சித் தகடுகள் கடைசியாக, ஐந்தாறு வயதில்தான் மூடுகின்றன. மூன்று வயது முடிந்த பின் லேசான சவாரியைத் தொடங்கி, நான்கில் மெல்லக் கூட்டி, கடும் வேலையை அதற்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

10. எதை வைத்துக்கொள்வது, எதை விலக்குவது

ஆண்குட்டிகளில் மிகப் பெரும்பான்மையைக் காயடிக்க வேண்டும். நல்ல முகமுள்ள ஒவ்வோர் ஆண்குட்டியையும் பொலிகுதிரையாக விட்டுவைப்பதால், சேணச் சோதனையில்லாத தந்தைகள் பெருகுகின்றன. காயடித்த பின் அது ஒரு நல்ல சவாரிக் குதிரையாகிப் பலர் கண்ணில் படுவது, உங்கள் லாயத்துக்கு எந்தக் கோப்பையையும்விடப் பயனுள்ளது.

பெண்குட்டிகளில், குறைந்தது ஒரு பருவம் சேணத்தில் வேலை செய்ததை மட்டும் தாயாக ஏற்றுக்கொள்ளுங்கள். போட்டியில் இருக்கும் பெண்குதிரையின் வேலையை நிறுத்த மனமில்லையென்றால் கருமாற்றம் வழியாகக் குட்டி எடுக்கலாம். செலவு அதிகம், பதிவேட்டின் அனுமதியும் வேண்டும், ஆயினும் வேலையில் சிறந்தவை தாயாகாமலே முதுமை அடைவதை அது தடுக்கிறது.

இணைசேர்த்த நாளிலிருந்து அந்த முடிவு சரியா என்று சேணத்தில் தெரிய ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதற்குள் அதே இணையைத் திரும்பத் திரும்பச் சேர்த்துவிட்டால், முதல் குட்டியில் தெரியவரும் குறை அடுத்தடுத்த குட்டிகளிலும் இருக்கும். முதல் குட்டி முதுகில் ஆளை ஏற்றிக்கொண்டு ஒரு பருவம் நலமாக வேலை செய்யும்வரை அந்தப் பெண்குதிரைக்கு வேறு பொலிகுதிரைகளைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு குட்டிக்கும் சேணம் பழக்கியவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே, தேதியுடன், தாயின் ஏட்டில் எழுதுங்கள். விற்றுவிட்ட குட்டிகளின் புதிய உரிமையாளர்களிடமும் ஆண்டுக்கு ஒருமுறை இதையே கேட்டு வாங்கி, அதே ஏட்டில் சேருங்கள்.